பெரியப்பா வீட்டு ஏழு கலர் குருவிகள்

என் வயதுக்காரிகளே, வயதானால் பொறாமை தானாக அடங்கிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முடி நரைத்துவிட்டது, முட்டி தேய்ந்துவிட்டது, பிள்ளைகளுக்கெல்லாம் கல்யாணமும் முடித்தாயிற்று. ஆனாலும் போன மாதம் ஈப்போவில் ஒரு கடை வாசலில் ஏழு கலர் குருவிகள் இரண்டு கூண்டுக் கம்பியில் ஒட்டி உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது பாருங்கள், அது பத்து வயதில் எரிந்த அதே எரிச்சல். பேத்தி, "அழகா இருக்கு பாட்டி" என்றாள். "அழகா இருந்து என்னத்த கிழிச்சிச்சு" என்றேன். பாவம், பிள்ளை என் கையை விட்டுவிட்டுத் தள்ளி நின்றுகொண்டாள்.

உங்களில் பலரும் தோட்டத்தில் பிறந்தவர்கள். லயத்து வீடு, விடியுமுன் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டு மணி, துணியில் ஏறினால் இறங்காத ஒட்டுப்பால் நாற்றம் இதெல்லாம் நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. எங்கள் தோட்டம் சுங்கை சிப்புட் பக்கம். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தார்கள். நான் மூத்தவள். எனக்கு அடுத்து தங்கச்சி. அவளுக்கு எப்போதாவது இழைப்பு வரும். வந்தால் நெஞ்சு கீச் கீச்சென்று கத்தும், உதடு வெளுத்துப்போகும். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெஸர் ஒரு சிவப்புத் தண்ணீரைப் புட்டியில் ஊற்றிக் கொடுப்பார். அதைக் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் விடிந்ததும் சரியாகிவிடும்.

ஒரு மழைக்காலத்தில் மட்டும் சரியாகவில்லை. தோட்டத்து ஆபீஸ் கிராணியின் காரில் தூக்கிப்போட்டு ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்து எழுந்தவளைப் பெரியம்மா தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். பெரியம்மா அம்மாவுக்கு அக்கா. ஈப்போ புந்தோங்கில் பலகை வீடு, பிள்ளை இல்லை. "ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்கு. கொஞ்ச நாளு என்கிட்ட இருக்கட்டும். நெஞ்சு சொகமானதும் கொண்டாந்து உட்டுர்றேன்" என்றாள். அம்மா தலையாட்டினாள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் வருகிறேன் என்று அப்போதே பாவாடையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பியிருப்பேன்.

ஒவ்வொரு மாதமும் சம்பளம் போட்ட பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் மரவள்ளிக் கிழங்கு, முருங்கைக் கீரை எல்லாம் கட்டிக்கொண்டு இரண்டு பஸ் ஏறிப் போவோம். போய் இறங்கியதும் எனக்கு எரியத் தொடங்கிவிடும். தங்கச்சிக்குப் பக்கிள் வைத்த சப்பாத்து. தங்கச்சிக்கு யானைப் படம் போட்ட மங்குக் குவளையில் மைலோ. தங்கச்சிக்கு ரிப்பன், தங்கச்சிக்குப் பூப்போட்ட கவுன். மற்ற வீடுகளில் அக்காக்காரி போட்டுக் கழித்தது தங்கச்சிக்குப் போகும். எங்கள் வீட்டிலோ தங்கச்சி போட்டது எனக்குத் தோளிலேயே நிற்காது. இந்த அநியாயத்தை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் குருவிக் கூண்டு.

கூண்டு என்றால் கையில் தூக்கும் கூண்டு என்று நினைத்துவிடாதீர்கள். பெரியப்பா ஈயச் சுரங்கத்துக்கு லோரி ஓட்டினார். சுரங்கத்தில் கழித்த கம்பி வலையைக் கொண்டுவந்து, சமைக்கும் குசினிக்குப் பின்னால் ஓர் அறை அளவுக்குக் கூண்டு அடித்திருந்தார். மேலே தகரம், கீழே மணல். பெரிய மனுஷன் உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். சுவரெல்லாம் தேங்காய்ச் சிரட்டையும் மரப் பெட்டியும் கூடாகத் தொங்கும். ஒரு மூலையில் கணவாய் ஓடு, ஒரு மூலையில் அவித்த முட்டையும் பிஸ்கட் தூளும் பிசைந்த தட்டு. உள்ளே சாம்பல் கலரில் செவ்வலகுக் குருவிகள் இருக்கும். பீப் பீப்பென்று ஓயாமல் கத்துபவை அவைதான். அவற்றுக்கு நடுவே ராஜா வீட்டுப் பிள்ளைகள் மாதிரி ஏழு கலர் குருவிகள். பச்சை முதுகு, மஞ்சள் வயிறு, ஊதா நெஞ்சு, சிலதுக்குச் சிவப்பு முகம், சிலதுக்குக் கறுப்பு. எங்கள் தோட்டத்தில் அவ்வளவு கலரை நான் ஒன்றாகப் பார்த்தது கோயில் திருவிழாவில் மட்டும்தான்.

கூண்டுக்குள் போக எனக்கு அனுமதி கிடையாது. "புது ஆளு போனா பயந்துட்டு முட்டைய உட்டுட்டு ஓடிரும்லா" என்பார் பெரியப்பா. அம்மாவுக்கும் கிடையாது. நாங்கள் இருவரும் வலைக்கு வெளியே நிற்க, தங்கச்சி மட்டும் சின்னக் கதவைத் திறந்து, முதலாளி வீட்டுப் பிள்ளை மாதிரி உள்ளே போவாள். குருவிகள் அவள் தலைக்கு மேலே பறந்து அடங்கும். ஒன்றிரண்டு அவள் தோளில்கூட உட்காரும்.

உள்ளே அவளுக்கு ஒரு வேலை இருந்தது. இந்தக் குருவிகள் தினையைக் கடித்து அரிசியை மட்டும் தின்றுவிட்டு, உமியைத் தட்டிலேயே மேலாக விட்டுவைக்கும். பார்க்கத் தட்டு நிறைந்திருக்கிற மாதிரி இருக்கும், அடியில் ஒன்றும் இருக்காது. அதனால் தினமும் தட்டை எடுத்து வாயால் ஊதி உமியைப் பறக்கவிட வேண்டும். தங்கச்சி கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதுவாள். உமியும் தூசியும் பூஞ்சிறகும் அவள் முகத்தைச் சுற்றிப் பறக்கும். பெரியப்பா வெளியே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்று, "ஊதும்மா, நல்லா ஊது! நெஞ்சுக்கு எக்சர்சைஸ்" என்பார். அம்மா அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவாள். எனக்கானால் அந்தத் தட்டைப் பிடுங்கி நான் ஊத வேண்டும் போல் கை பரபரக்கும். என் நெஞ்சு கல் மாதிரி, நான் ஊதினால் உமி மட்டுமா, தட்டே பறக்கும். ஆனால் யார் என்னிடம் கொடுத்தார்கள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா எங்களுக்கு ஒரு வித்தை காட்டினார். ஏழு கலர் ஜோடி ஒன்றின் பெட்டிக்குள் கையை விட்டு, சின்னச் சின்ன வெள்ளை முட்டைகளை ஒரு கரண்டியில் எடுத்தார். அப்படியே கொண்டுபோய், பழுப்பும் வெள்ளையுமாக ஒரு லட்சணமும் இல்லாமல் உட்கார்ந்திருந்த சாதாக் குருவியின் சிரட்டைக்குள் வைத்தார். "இந்த அழகிங்களுக்குப் புள்ள வளக்கத் தெரியாது. அடைல சரியா ஒக்காராது, குஞ்ச தூக்கி வெளிய போட்டுரும். இந்த சாதாக் குருவி இருக்கே, எவ முட்டையா இருந்தாலும் பொரிச்சி, ஊட்டி, பறக்க வெச்சிரும். பறவைக் கடை மொதலாளி தவுக்கே சொல்லிக் குடுத்தது."

அம்மா வலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். "அந்தத் தாய்க்காரி தேட மாட்டாளா மாமா?" என்று கேட்டாள்.

"அதுக்கு என்னா தெரியும்? நாலு நாள்ல திரும்ப முட்ட போட்டுரும்லா!" பெரியப்பா சிரித்தார். நல்ல மனுஷன். வஞ்சகமாகச் சொல்லவில்லை. அம்மாவும் சிரித்தாள், ஆனால் அன்றைக்குப் பெரியம்மா போட்டுக்கொடுத்த தேநீரை அவள் குடிக்கவில்லை. ஆறிப்போய் ஆடை கட்டிய தேநீரை நான்தான் எடுத்துக் குடித்தேன். சீனி நிறைய போட்டிருந்தது.

இழைப்பு வந்தால் ஈப்போவில் இருக்கலாம் என்ற கணக்கு எனக்குப் புரிந்துபோயிற்று. சரி, எனக்கும் வரட்டும் என்று முடிவு செய்தேன். சீனக்கடையில் ஐஸ் கட்டி வாங்கிக் கடித்து முழுங்கினேன். மழையில் லயத்துக் கூரைத் தண்ணீர் கொட்டும் இடத்தில் தலையைக் காட்டிக்கொண்டு நின்றேன். தும்மல்கூட வரவில்லை. கடைசியில் பாயில் படுத்துக்கொண்டு தங்கச்சி மாதிரியே கீச் கீச்சென்று இழுத்துப் பார்த்தேன். அம்மா ஓடிவந்து என் நெஞ்சில் காதை வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு எழுந்து, "தொண்டையிலேருந்து வருதுடி கழுத, நெஞ்சுலேருந்து வரல" என்று முதுகில் ஒன்று வைத்தாள். அப்பா வாசலில் உட்கார்ந்து பால் கத்தியைத் தீட்டிக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்தார்.

சிரித்தாலும் ஒன்று சொல்வேன். அம்மா என் நெஞ்சில் காது வைத்த அந்தக் கொஞ்ச நேரம் எனக்குப் பிடித்திருந்தது.

தீபாவளிக்குத் தங்கச்சியை ஒரு வாரம் தோட்டத்துக்கு அனுப்பிவைத்தார்கள். அந்த வாரம் முழுக்க மழை. லயத்தில் விறகடுப்புப் புகை, பட்டாசுப் புகை வேறு. எல்லோரும் பயந்துகொண்டே இருந்தோம். அவளோ புழுதியில் புரண்டாள், பட்டாசு கொளுத்தினாள், என் முறுக்கையும் சேர்த்துத் தின்றாள். ஒரு கீச்சும் இல்லை. கறிக் குழம்பில் நல்ல துண்டாகப் பார்த்து அம்மா அவள் தட்டில் போட்டாள். எனக்கு எலும்பு. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் வந்து பார்த்து, "ஈப்போ மருந்துன்னா சும்மாவா? புள்ளைக்கு நல்லா கேக்குது. அங்கயே வெச்சி முழுசா சொகமாக்கிருங்க" என்றார்கள். அம்மாவும் அதையே நம்பினாள். தீபாவளி முடிந்து ஈப்போவுக்குத் திரும்பிய மறுநாளே அவளுக்கு மூச்சு வாங்கியது என்று தகவல் வந்தது. "பாத்தியா, தோட்டத்துக் குளிரு ஒத்துக்கல. லேட்டா காட்டுது" என்றாள் பெரியம்மா. அதையும் நம்பினோம்.

அந்த வருஷக் கடைசிப் பள்ளி விடுமுறைக்கு என்னையும் ஈப்போவில் விட்டார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இந்தப் போக்கில் நானும் அங்கேயே தங்கிவிடலாம் என்று ஓர் ஆசை. பெரியம்மாவுக்குப் பாத்திரம் தேய்த்தேன், கூட்டினேன், கேட்காமலேயே கால் பிடித்துவிட்டேன். ஒருநாள் தைரியம் வந்து, "நானும் இங்கயே படிக்கட்டுமா பெரியம்மா?" என்றேன்.

பெரியம்மா சிரித்துக்கொண்டே என் கன்னத்தைக் கிள்ளினாள். "ஒனக்கு என்னா கேடு? கல்லு மாதிரி இருக்க. நீ அம்மாவுக்குத் தொணையா இருக்க வேண்டாமா?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கல்லாக இருப்பது என் குற்றமா? இந்தப் பக்கம் பெரியம்மா வீட்டுச் செல்லமும் அவளுக்கு, அந்தப் பக்கம் அம்மாவின் கவலையும் அவளுக்கு. எனக்கு மிஞ்சியது என்ன? வலைக்கு வெளியே நின்று குருவி பார்ப்பது.

அந்த விடுமுறையில் அம்மா ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்துபோனாள். அம்மா புறப்படும்போது தங்கச்சி ஒருநாளும் வாசலுக்கு வர மாட்டாள் என்பதை முன்பே உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். நாங்கள் பையைத் தூக்கியதும் அவள் ஓடுவது பின்பக்கம், கூண்டுக்கு. மாதாமாதம் அதே கதைதான். அம்மா வாசலில் நின்று, "போயிட்டு வாரேன்டி கண்ணு!" என்று இரண்டு மூன்று தடவை கூப்பிட்டுப் பார்ப்பாள். பதில் வராது. "குருவின்னா அவளுக்கு உசுரு" என்று பெரியப்பா பெருமையாகச் சொல்வார். அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு நடப்பாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வருவாள். பக்கத்திலேயே நான் ஒருத்தி உட்கார்ந்திருப்பது அவள் கண்ணில் படாது.

இந்தத் தடவை நான் ஈப்போவிலேயே இருந்ததால், அம்மா கிளம்பியதும் பின்னால் போய்ப் பார்த்தேன். தங்கச்சி கூண்டின் கடைசி மூலையில், கூடுகளுக்குக் கீழே, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மணலில் குந்தியிருந்தாள். குருவிகள் எல்லாம் ஒரே கத்தல். பீப் பீப்பென்று காது அடைத்தது. சிறகும் தூசியும் வெயிலில் மிதந்தன.

"ஏய், அம்மா போறாங்கடி" என்றேன்.

திரும்பவில்லை.

"ரொம்பத்தான் திமிரு ஒனக்கு. அம்மாவவிட குருவி பெருசா?"

அதற்கும் திரும்பவில்லை. இருடி, உனக்கு இருக்கிறது என்று கறுவிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டேன். அரைமணி நேரம் கழித்து அவள் வெளியே வந்தபோது கண்ணெல்லாம் சிவந்து, நெஞ்சு கீச் கீச்சென்று இழுத்துக்கொண்டிருந்தது. பெரியம்மா பதறிப்போய் அவளை மடியில் போட்டு நெஞ்சில் சூடாகத் தைலம் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே பெரியப்பாவிடம் சொன்னாள்: "நான் சொன்னேன்ல? அம்மாக்காரி வந்துட்டுப் போனாலே புள்ளைக்கு இழுக்குது. ஒவ்வொரு தடவையும் இதே கூத்து. மனசு ஏங்கிப் போவுது. என் தங்கச்சிகிட்ட நான் பேசறேன்."

பேசினாள். பெரியம்மா கெட்டவள் இல்லை. தங்கச்சிக்கு மூச்சு வாங்கினால் அவளுக்கே மூச்சு நின்றுவிடும். விடுமுறை முடிந்து என்னைக் கூட்டிப்போக வந்த அம்மாவைக் குசினியில் உட்காரவைத்து, "மாசா மாசம் வராதடி. நீ வந்துட்டுப் போனா அவ நெஞ்சு தாங்க மாட்டேங்குது. நல்ல நாளு பெரிய நாளுக்கு வா. சொகமாவட்டும்" என்றாள். அம்மா எதிர்த்துப் பேசவில்லை. பிள்ளையின் நெஞ்சுக்கு ஆகாது என்றால் எந்தத் தாய் எதிர்த்துப் பேசுவாள்? "சரிக்கா" என்றாள். கையிலிருந்த கீரைக் கட்டை அவிழ்த்து, இலையை உருவிக்கொண்டே இருந்தாள்.

எனக்கா? உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். இனிமேல் ஞாயிற்றுக்கிழமை அம்மா எனக்கு மட்டும். தலைக்கு எண்ணெய் வைத்துவிடுவாள், பேன் பார்ப்பாள், கதை சொல்வாள் என்று கணக்குப் போட்டேன். அம்மா எண்ணெயும் வைத்தாள், பேனும் பார்த்தாள். ஆனால் பேன் பார்க்கும்போது அவள் கை பாதியிலேயே நின்றுவிடும். திரும்பிப் பார்த்தால், பஸ் வரும் செம்மண் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இங்கே இல்லாதவள் இல்லாமலேயே என் தலையையும் பங்கு போட்டுக்கொண்டாள்.

தங்கச்சியின் நெஞ்சு சுகமாகவே இல்லை. அதனால் அவள் திரும்பி வரவே இல்லை. வருஷங்கள் ஓடின. தோட்டத்தில் ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டார்கள். பெரியப்பா ஒருநாள் லோரியை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. காரியம் முடிந்த கையோடு பெரியம்மா, "அவரு இல்லாம இதுங்கள பாத்தா எனக்கு அழுகதான் வருது" என்று குருவிகளை எல்லாம் பறவைக் கடைத் தவுக்கேயிடம் கொடுத்துவிட்டாள். கூண்டைப் பிரித்த இடத்தில் கறிவேப்பிலை நட்டாள். அதற்குப் பிறகு தங்கச்சிக்கு மூச்சு இழுக்கவில்லை. அப்போதுதான் அவள் வயதுக்கு வந்திருந்தாள். "பொம்பளப் புள்ளைங்களுக்கு வயசுக்கு வந்தா இழைப்பு நின்னுரும்" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும்தான் சொன்னேன். ஆனால் தனியாகிப்போன பெரியம்மாவை விட்டுவிட்டு அவள் எப்படித் திரும்பி வருவாள்? அங்கேயே படித்தாள், அங்கேயிருந்தே கல்யாணமாகிப் போனாள். கல்யாணப் பத்திரிகையில் பெற்றோர் என்று முதலில் இருந்தது பெரியப்பா, பெரியம்மா பெயர்.

நானும் அவளும் சண்டை போட்டுக்கொண்டதில்லை. நல்லது கெட்டதுக்குப் பார்த்துக்கொள்வோம். இருந்தாலும் எனக்குள் அது இருந்துகொண்டே இருந்தது. அம்மா சாகக் கிடந்தபோது, மூத்திரத் துணி மாற்றிய என்னை விட்டுவிட்டு, "சின்னவ வந்துட்டாளா?" என்றுதான் கேட்டாள்.

இனி போன வாரத்துக் கதை. தங்கச்சியின் மகன் அவள் வீட்டில் லவ்பேர்ட் வாங்கி விட்டிருக்கிறான். இத்தனை வருஷம் கழித்து அவளுக்கு மறுபடியும் இழைப்பு. கிளினிக்குக்குப் போய்வந்ததும் எனக்குப் போன் அடித்தாள்.

"அக்கா, டாக்டர் மொதல்ல என்னா கேட்டாரு தெரியுமா? வீட்டுல பறவ கிறவ வளக்குறீங்களான்னு. சின்னப் புள்ளையில வளத்தீங்களான்னு. ஆமா டாக்டர், கூண்டுக்குள்ளயேதான் கெடப்பேன்னேன். அதாம்மா, அந்தத் தூசி ஒங்களுக்கு ஆகலன்னாரு. எனக்கு அங்கயே சிரிப்பு வந்துருச்சுக்கா. நெஞ்சுக்கு எக்சர்சைஸ்னு ஊதச் சொன்னாரே பெரியப்பா!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூண்டை யாராவது அன்றைக்கே பிரித்துப் போட்டிருந்தால் அவள் வீட்டுக்கு வந்திருப்பாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"யாரு ஒன்ன எந்நேரமும் அதுக்குள்ளயே கெடக்கச் சொன்னா? அம்மாவும் நானும் கெளம்பறப்பகூட வாசலுக்கு வர மாட்ட. குருவிகிட்ட ஓடிருவ. அம்மா எத்தன தடவ கூப்புடுவாங்க!"



"அழப் போவேன்க்கா" என்றாள்.



"பெரியம்மா முன்னாடி அழுதா அவங்களும் அழுவாங்க. ரூம்புல அழுதா வெளிய கேட்டுரும். குருவிங்க போடற சத்தத்துல யாருக்கும் கேக்காது. அம்மாவ பஸ் ஏத்திட்டு பெரியம்மா திரும்பி வர்ற வரைக்கும் அங்கதான் ஒக்காந்து அழுவேன்."

அவள் வேறு ஏதேதோ பேசினாள். மகன் லவ்பேர்டை யாருக்கோ கொடுத்துவிடப் போகிறான் என்றாள், மருந்து ஊதுகிற குழாய் கொடுத்திருக்கிறார்கள் என்றாள். நான் ம், ம் என்றேன். அம்மா வந்தால் இவள் கூண்டுக்குள் போய் அழுதிருக்கிறாள். கூண்டுக்குள் போனதால் மூச்சு இழுத்திருக்கிறது. மூச்சு இழுத்ததால் அம்மாவை வராதே என்றார்கள். அம்மா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது, அவளிடம் இதை இனிமேல் சொல்ல முடியாது. சொல்ல முடியாததும் ஒருவகையில் நல்லதுதான்.

அந்தச் சப்பாத்து மேல் இருந்த பொறாமை போய்விட்டது. மைலோ மங்கு, ரிப்பன், கவுன், கறித் துண்டு எதன் மேலும் இப்போது ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஏழு கலர் குருவிகள் மேல் மட்டும் போன வாரத்திலிருந்து வயிறு இன்னும் அதிகமாக எரிகிறது. என் தங்கச்சி அம்மாவைக் கேட்டு அழுததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவை அவை மட்டும்தான்.